முப்பத்தினாலு இங்கே இல்லை

என் அன்புக்கும், இப்போதைக்குக் கொஞ்சம் கோபத்துக்கும் உரியவருக்கு,

வீட்டில் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். பொடிசுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. நீங்களும் நலம்தான் என்று தெரியும். போன வாரம் போனில் அதிகாரம் பண்ணிய குரலில் நோய் நொடி எதுவும் தெரியவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் படுத்திருக்கும் மற்ற டிரைவர்கள் இருமுவதுகூட எனக்கு இங்கே கேட்கிறது. நான் சொல்லப் போவது அவர்கள் காதில் விழக் கூடாது. தனியாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் படியுங்கள்.

அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்னது இதுதான்: "பால நிறுத்திடு. அதுக்கு மாத்திரை இருக்காம். நீ முந்தி மாதிரி இருந்தாத்தான் வேலையும் இருக்கும், எனக்கும்..." அதோடு பேச்சு நின்றுவிட்டது. லைன் போனதா, நீங்களே நிறுத்தினீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

என் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கம்பெனியில் வேன் ஓட்டியவர்தானே நீங்கள். கம்பெனி தைக்கும் ஒவ்வொரு புது பிராவையும் முதலில் என் உடம்பில் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கு, குனி, திரும்பு என்பார்கள். எனக்குச் சரியாக இருந்தால் முப்பத்தினாலு சைஸ் சரி. அதை வைத்துக் கூட்டிக் குறைத்து மற்ற சைஸெல்லாம் வெட்டுவார்கள். அதனால் கம்பெனியில் எனக்குப் பெயரே முப்பத்தினாலு. வாட்ச்மேனைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேனுக்குள் இருந்துகொண்டு நீங்களும் கூப்பிட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு இரண்டாவது மாதம். அதற்குப் பிறகு நடந்த எதையும் நீங்கள் பார்க்கவில்லை. வீடியோவில் என் முகத்தையும் பொடிசின் முகத்தையும்தான் பார்த்தீர்கள். மீதியை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தி வருவதற்கு முன்னாலேயே மார்பு வலித்தது. சேலை உரசினால்கூடச் சுரீர் என்றது. பிறகு பெருத்தது. தோலுக்கு அடியில் பச்சை நரம்புகள் தெரிய ஆரம்பித்தன. காம்பும் அதைச் சுற்றியிருந்த வட்டமும் கறுத்து அகலமாகிவிட்டன. பிரசவத்துக்கு முன்பே மஞ்சளாக ஒரு சொட்டு கசிந்து ரவிக்கையில் ஒட்டியது. பொடிசு பிறந்த பிறகு பால் கட்டியபோது கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. இப்போது குடித்து முடித்ததும் காலிப் பை மாதிரி தொங்குகிறது, மறுபடி நிறைகிறது. உங்கள் மகளுக்கு இடது பக்கம்தான் பிடிக்கும், அதனால் இடது கொஞ்சம் பெரிசு. பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் கோடுகள் விழுந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும் எனக்குப் பால் கசிகிறது. எவ்வளவு தாராள மனசு பாருங்கள்!

இந்த உடம்போடுதான் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். அளவெடுத்துத் துணி வெட்டும் மாஸ்டரக்கா இஞ்ச் டேப்பைப் போட்டாள். ஒருதரம் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு. "டேப்தான் இழுபட்டுப் போச்சு போல" என்று பாவம், டேப்பின் மேல் பழியைப் போட்டாள். புது சாம்பிளை எப்படியோ இழுத்துக் கொக்கி மாட்டினோம். அந்த நேரம் பார்த்துத் தையல் கூடத்தில் யாரோ ஒருத்தி போனில் குழந்தை அழும் வீடியோ பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சாம்பிள், இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்துவிட்டது. முதலாளியம்மா அதைப் பென்சில் நுனியால் தூக்கி மேசையில் போட்டார். "மாசக் கடைசிக்குள்ள பழைய அளவுக்கு வா. இல்லன்னா பிசிறு வெட்டற எடத்துல போய் உக்காரு" என்று சொல்லிவிட்டார்.

நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். சாயந்திரம் மார்பு சிவந்து, தொட முடியாமல், உடம்பு கொதித்தது. டாக்டரம்மா அந்தத் துணியை அவிழ்த்துவிட்டுத் திட்டிய திட்டு இருக்கிறதே, உங்கள் அம்மாவே இரண்டடி பின்வாங்கினார். இறுக்கிக் கட்டாதே, குழந்தையை விட்டுக் குடிக்க வை, அதுதான் மருந்து என்றார். இன்னொன்றும் சொன்னார். பால் கொடுப்பதால் மார்பு சரிவதில்லையாம். கர்ப்பத்தில் பெருக்கும்போதே உள்ளே தாங்கும் தசைநார்கள் இழுபட்டுப் போகின்றன, வயது ஆக ஆக எல்லோருக்கும் அது தளரும், ஒரு பிள்ளைக்கும் பால் கொடுக்காதவளுக்கும் தளரும் என்றார். ஆகவே பாலை நிறுத்தினால் முந்தி மாதிரி ஆகிவிடுவேன் என்று உங்களுக்கு யார் காதில் பூச்சுற்றினார்களோ, அவரிடம் இதைப் போய்ச் சொல்லுங்கள்.

காய்ச்சல் விட்டு நான் போனபோது அளவு அறையில் ஒரு பொம்மை நின்றது. தலை இல்லை, கை இல்லை, கழுத்தில் என் பழைய அடையாள அட்டை. என்னுடைய பழைய அளவை எடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெயரும் முப்பத்தினாலுதான். எந்தச் சாம்பிளைப் போட்டாலும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏன் பொருந்தாது? அது மூச்சு விடுவதில்லை, குனிவதில்லை, அதற்குப் பசித்து அழ ஒரு பிள்ளையும் இல்லை. மாசக் கடைசிவரைகூடக் காத்திருக்காமல் என்னைப் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அங்கே உட்கார்ந்து கதவு வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குச் சாயந்திரம்தான் நீங்கள் போன் பண்ணினீர்கள்.

என்னிடம் பேச்சு நின்றதும் நீங்கள் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டீர்கள் அல்லவா? கசப்பாக எதையாவது அரைத்துக் காம்பில் தடவிவிடச் சொல்லி, "நீங்களாச்சும் அவளுக்குப் புத்தி சொல்லுங்கம்மா" என்றீர்கள் அல்லவா? அவர் "சரிப்பா, சரிப்பா" என்று நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார். போனை வைத்த பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார் பாருங்கள்! "பள்ளிக்கூடப் பையக் கழட்டாம ஓடி வந்து நின்னுக்கிட்டே குடிச்ச பய! இவன் எனக்குச் சட்டம் சொல்றான்!" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இந்தச் செய்தி எனக்கு இத்தனை நாள் தெரியாது. உங்கள் அறை நண்பர்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த தரம் போனை ஸ்பீக்கரில் போடும்போது சொல்லிவிடுவேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் பொடிசைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். வழக்கமாக நான் வெளியே வந்து பால் கொடுத்துவிட்டுப் போவேன். அன்று அவர் வாட்ச்மேனைத் தள்ளாத குறையாக உள்ளே வந்துவிட்டார். நேரே என் பிசிறு மேசைக்கு வந்தார். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, அளவு அறைக்குள் நுழைந்து பொம்மையைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். "இவளா என் மருமக எடத்துக்கு வந்தவ?" என்று கேட்டுவிட்டு, அது போட்டிருந்த பிராவைக் கழற்றினார். பிரா அடைக்கும் பெட்டியில் "எல்லா வயதினருக்கும்" என்று எழுதியிருந்ததை மாஸ்டரக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இருந்ததிலேயே பெரிய சைஸ் ஒன்றை எடுத்துத் தன் ரவிக்கைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கொக்கி போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தோள்பட்டி தோளில் புதைந்தது. மேலே கப் காலியாக நின்றது, மார்பு அதற்குக் கீழே தன் பாட்டுக்கு இருந்தது.

அதோடு விட்டாரா? அப்படியே தையல் கூடத்துக்கு நடந்து போனார். நான் பால் குடிக்கும் பிள்ளையோடு பின்னாலேயே ஓடினேன். அத்தனை பெண்களும் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரிப்பு வெடித்தது. உங்கள் அம்மாவும் சிரித்தார். பிறகு கேட்டார்: "சிரிங்க, நல்லா சிரிங்க. நாலு பேருக்குப் பால் குடுத்து, அறுவது வருசத்தப் பாத்த உடம்பு இது. எனக்கு இந்தப் பாடி சேரல. சரி, தெச்ச உங்கள்ல யாரு இதப் போட்டிருக்கீங்க? கையத் தூக்குங்க பாப்போம்."

கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள் கையைத் தூக்கினார்கள். அதில் ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிவிட்டாள். வேறு ஒரு கையும் மேலே வரவில்லை. பிள்ளை பெற்றவள், பால் மறக்கடித்தவள், தீட்டு நின்று உடம்பு தளர்ந்தவள் என்று கூடம் நிறையப் பெண்கள். நாள் முழுக்க அதைத் தைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது வேறு எங்கேயோ வாங்கியதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். நானும் அதில் ஒருத்தி. இத்தனை வருஷத்தில் யாரும் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. முதலாளியம்மா கதவருகே நின்றிருந்தார். உங்கள் அம்மா விடவில்லை. "நீங்க போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். முதலாளியம்மாவின் முகம் சுண்டிப்போனது. போட்டிருந்த மேல்கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, "எல்லாரும் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வேலை அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சாயந்திரம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நான் முந்திக்கொண்டேன். "பால நிறுத்த மாட்டேன்மா, கட்டிக்கவும் மாட்டேன். என்னால சுருங்க முடியாது. அந்தப் பொம்மை உங்களுக்குப் போதும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். அவர் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் ரெண்டு பெத்த உடம்புதான்" என்றார். அவர் போட்டிருப்பது வேறு கம்பெனி சரக்காம். அதிலும் தோள் வலிக்கிறதாம்.

உடனே மாலை போட்டு வரவேற்றார் என்று நினைக்காதீர்கள். பொம்மையைத் தூக்கவில்லை. ஒரே ஒரு மேசை கொடுத்திருக்கிறார். பால் கொடுப்பவர்களுக்கு ஒரு மாடல், வயதானவர்களுக்கு ஒரு மாடல் வெட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். விற்றால் வேலை, விற்காவிட்டால் மறுபடி பிசிறு. முதல் மாடலுக்கு அளவு நான். இரண்டாவதற்கு யார் என்று கேளுங்கள். உங்கள் அம்மா! காலையில் என்னோடு பொடிசையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வருகிறார். பட்டியை அகலமாக்கு, கொக்கியை முன்னால் வை என்று மாஸ்டரக்காவை ஆட்டிப் படைக்கிறார். அவருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், நாற்பத்திரண்டு. கூப்பிட்டால் கெத்தாகத் திரும்பிப் பார்க்கிறார். உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார்: "அவன் குடிச்சுக் கரைச்சதுக்குத்தான் எனக்கு இப்ப சம்பளம்னு எழுது." எழுதிவிட்டேன்.

இனி நம் விஷயம். கட்டிலுக்குப் பக்கத்தில் என் கல்யாணப் படத்தை ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அது முப்பத்தினாலு. நல்ல பெண், எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் அவள் இப்போது இங்கே இல்லை. நீங்கள் வந்து கதவைத் தட்டினால் திறக்கப் போகிறவள் நான். பொடிசு பால் மறந்த பிறகு இது இன்னும் சுருங்கும், வயதானால் இன்னும் சரியும், கடைசியில் உங்கள் அம்மா மாதிரி ஆகும். ஒவ்வொரு தரமும் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் வரும் அன்று நான் விளக்கை அணைக்கப் போவதில்லை. இதை எழுதும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அணைக்க மாட்டேன்.

வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள், முதலாளி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். எந்தக் குறையும் இல்லாமல் உங்களை இந்த வீட்டு வாசலில் பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "எனக்கும்" என்று சொல்லிப் பாதியில் விட்டீர்களே, அந்த வாக்கியத்தை முடித்து எழுதுங்கள். எப்படி முடித்தாலும் படித்துக்கொள்கிறேன். முடிக்காமல் மட்டும் வந்து நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்றைக்கு முப்பத்தெட்டு, நாளைக்கு எதுவோ,
என்றைக்கும் உங்கள் மனைவி.