ஊற்றாமல் விட்ட தண்ணீர்

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: உளுந்து, சீயக்காய், பிள்ளைக்கு வெள்ளைத் துணி.

மகள் சுகன்யா வெள்ளிக்கிழமை வருகிறாள். ஒன்பதாம் மாதம். மோகனூரிலிருந்து மாப்பிள்ளையே காரில் கொண்டுவந்து விடுகிறாராம். அப்பாவின் கருமாதிக்கு வந்துவிட்டுப் போனவள், இப்போது பிரசவத்துக்கு. அவர் போய் இன்றோடு இருபத்தேழு நாள். பட்டறையில் லாரிக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

அவருடைய மீன் தொட்டியில் வாடை. எண்ணினேன், பதினான்கு. அவர் இருந்தபோது இருபது. போன வாரம் மூன்று செத்தன, இந்த வாரம் மூன்று. சின்ன மீன்கள். நீலக் கோடு, சிவப்பு வால். எல்லாம் சேர்ந்தே போகும், சேர்ந்தே திரும்பும். இன்று தனித்தனியாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செடி இலைகளில் பழுப்புப் பாசி.

காரணம் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். தலைவலி மாத்திரை ஒன்று.

நாத்தனார் வந்தார், அவருடைய அக்கா. பக்கத்துத் தெருதான். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாவு வீட்டு வழக்கப்படி இருந்த தண்ணீரை எல்லாம் வெளியே ஊற்றினார்கள். குடம், அண்டா, டிரம், ஃபிரிட்ஜ் பாட்டில் கூட. தொட்டியை யாரும் பார்க்கவில்லை. நான்தான் அவர் லுங்கியைப் போட்டு மூடியிருந்தேன். இன்று நாத்தனார் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏம்புள்ள, இது அன்னைக்கு ஊட்ல இருந்த தண்ணியா?"

"ஆமாங்க." பொய் சொல்ல வாய் வரவில்லை.

சாவுத் தண்ணீர் நிற்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி வைப்பாய் என்று கேட்டார். வியாழக்கிழமை தானே வந்து கவிழ்த்துவிடுகிறாராம். மீனை என்ன செய்ய என்றேன். ஏரியில் விடு, மீன்தானே என்றார்.

கோபம். அப்புறம் பயம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?

ஐப்பசி 12, புதன்

இன்னும் இரண்டு போய்விட்டன. பன்னிரண்டு. வெண்டைச் செடி அடியில் புதைத்தேன்.

எழுதிவிடுகிறேன். அவர் போன பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கூட நான் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. வற்றினதற்கு மட்டும் மேலே ஊற்றினேன். அதில் அவர் கை பட்டிருக்கிறது. முழங்கை வரை விட்டுச் செடி நடுவார். அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டுவதா? தீனி வேறு, பாவம் என்று அள்ளி அள்ளிப் போட்டேன்.

சுகன்யாவிடம் போனில் எல்லாம் சொன்னேன்.

"ஏம்மா, அப்பா வாராவாரம் ஞாயித்துக்கெழம காவாசி தண்ணிய எடுத்துக் கொட்டிட்டுத்தான புதுசு ஊத்துவாரு. மொத்தமாக் கொட்டுனாலும் சாகும், கொட்டாம வெச்சாலும் சாகும். நீ பாத்ததே இல்லியா?"

பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் கறியோடு இருப்பேன். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் வந்து நின்றதில்லை.

அத்தை சொன்னதற்கு உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்குது. மீனு இருக்கட்டும்மா."

திங்கட்கிழமை குழாயில் பிடித்த காவிரித் தண்ணீர் டிரம்மில் இருக்கிறது. இரண்டு நாள் நின்றால் குளோரின் மருந்து வாடை போய்விடுமாம். மோந்து பார்த்தேன். இல்லை.

ஐப்பசி 13, வியாழன்

வெயில். போர்வை துவைத்தேன்.

பத்து மணிக்கு நாத்தனார். கையில் பக்கெட், மஞ்சள் தூள். கால் பங்குதான் எடுப்பேன், மிச்சத்தைத் தொட விடமாட்டேன் என்றேன். அவரிடம் இப்படிப் பேசினது இதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கியது.

ட்யூபின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு மறு முனையை வாயால் இழுத்தேன். வரவில்லை. காற்றுதான். மறுபடியும் காற்று. அழுகை வந்துவிட்டது.

"கொண்டா இங்க. மூச்சடக்கி இழுக்கோணும். லாரியில டீசல் உறிஞ்சறான்னு சின்னதுல அவன எத்தன அடி அடிச்சிருப்பேன்."

இழுத்தார். வாய் நிறையத் தண்ணீர். துப்பினாரா விழுங்கினாரா தெரியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, டீத்தண்ணி நிறத்தில்.

"அன்னைக்கு அத்தன கொடத்தையும் நாந்தான் கவுத்தேன். அதுவும் அவன் காலைல புடிச்சு வெச்சதுதான" என்றார்.

தொட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவில் ஒரு கோடு. என் வீட்டுக்காரர் போட்டது. எனக்குத் தெரியாது, நாத்தனார்தான் பார்த்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினதும் ட்யூபை மடித்துப் பிடித்தார். நான் டிரம் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

போகும்போது பக்கெட்டைக் காட்டி, "நீயே ஊத்திரு சாமி, எனக்குக் கை வரல" என்றார்.

சாயந்திரம் ஆகிவிட்டது. பக்கெட் இன்னும் வாசலில்தான். தட்டைப் போட்டு மூடியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கெல்லாம் சுகன்யா வந்துவிடுவாள். அதற்குள் ஊற்ற வேண்டும்.