தலைகீழாய்ப் போட்ட கேஸ்கட்

மகன் லியூபெனுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு முழங்கால் ஒன்றுதான் சரியில்லை, உன் அப்பாவுக்குக் குறையே கிடையாது, முற்றத்துப் பெஞ்சில் ரக்கியாச் சாராயக் கோப்பையோடு உட்கார்ந்து ஊரில் யாருக்கு என்னென்ன தெரியாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டுப் பதினெட்டு பாட்டில் போட்டாயிற்று. இன்னொன்று, நம் கார் ஓடுகிறது. ஆமாம், கொட்டகையில் ஒன்பது வருஷமாகக் கோழி முட்டையிட்ட அதே கார்தான்.

சந்தையிலிருந்து திரும்பும்போது மடாலயத்து ஏற்றத்தில் அது என் கையில் நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். "ஆயில் இருக்கான்னுகூடப் பாக்காம ஓட்டிட்டா, இவ கையில குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நெசவாலையில் இருபத்திரண்டு வருஷம் தறி பழுது பார்த்தவள் நான். அவர் வனத்துறை ஆபீசில் முத்திரை குத்தியவர். ஆனாலும் எல்லாரும் அவரைத்தான் நம்பினார்கள், வெட்கக்கேடு, நானே பாதி நம்பினேன். நீயும் போன் பண்ணும்போதெல்லாம் "ஆயில் பாத்தியாம்மா" என்று கேட்டுச் சிரித்தாய்.

ஜூலையில் உன் சித்தி ஸ்லதினா இடுப்பெலும்பில் கீறல் விழுந்து மலைமேல் தனியாகப் படுத்துவிட்டாள். அந்த ஊருக்கு இப்போது பஸ் கிடையாது. பக்கத்து வீட்டு வல்கோவிடம் காரைக் கேளுங்கள் என்றேன். உன் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சலாம். அன்றைக்கே ஸ்பானரை எடுத்தேன். "தறி இல்லடி இது" என்றார். வல்கோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ஜின் ஜாம் ரய்னா, எடைக்குப் போட்டுடு" என்றான். ஆளுக்கொரு கோப்பையோடு இரண்டு பேரும் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கை நீளவில்லை.

முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். மேல்கோடு வரை ஆயில் இருந்தது. ஒன்பது வருஷமாக எவரும் அதை உருவிப் பார்க்கவே இல்லை. பிறகு என்ஜின் தலையைக் கழற்றி, அடியில் இருந்த கேஸ்கட் தகட்டைப் பெயர்த்துத் திருப்பினால், 'மேல்பக்கம்' என்று அச்சடித்த எழுத்து கீழ்ப்பக்கம் இருந்தது. கார் நிற்பதற்கு ஒரு மாதம் முன்னால் உன் அப்பா தானே மாற்றிய கேஸ்கட், மெக்கானிக்கே தேவையில்லை என்று பீற்றிக்கொண்ட கேஸ்கட். தலைகீழாய்ப் போட்டதில் தண்ணீர் போகும் துளைகள் அடைபட்டு என்ஜின் வெந்திருக்கிறது. அப்புறம் தண்ணீர் கசிந்து மூன்றாவது பிஸ்டன்மேல் தேங்கித் துருவேறி இறுகிவிட்டது.

அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தேன். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, பன்னிரண்டு நாள் மரக்கட்டை வைத்துத் தட்டினேன், ஸ்பானரில் குழாயைச் செருகி முன்னும் பின்னும் அசைத்தேன். பதின்மூன்றாம் நாள் பிஸ்டன் நக அகலம் நகர்ந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன், அது வேறு அவர்களுக்கு வேடிக்கை. துருவைத் தேய்த்தெடுத்து, புது கேஸ்கட்டைச் சரியாகப் போட்டு, புது ஆயில் ஊற்றி, புது பேட்டரி வைத்து மூன்றாவது தடவை செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. முற்றமெல்லாம் நீலப் புகை.

என்ஜினை எட்டிப் பார்க்க நான் இறங்கியதும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார்! பழைய கேஸ்கட்டை அவர் மடியில் போட்டேன். "ஏய்யா, என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படி." வல்கோதான் எட்டிப் பார்த்துப் படித்தான். எது எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொன்னேன். "கடைக்காரன் தப்பா அச்சடிச்சிருப்பான்" என்றார், அந்த மூளைக்கு அதுதான் எட்டியது. "இறங்கு" என்றேன். இறங்கினார்.

இரண்டாவது கியரிலேயே மலையேறிப் போனேன். கம்பை ஊன்றி வாசலுக்கு வந்த ஸ்லதினா, காருக்குள் குனிந்து, ஓட்டி வந்த ஆண்பிள்ளையைத் தேடினாள். அவளை இங்கேயே அழைத்து வந்துவிட்டேன், உன் அறையில்தான் இருக்கிறாள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். பனிக்கு முன்னால் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், உன் சித்திக்கு மறக்காமல் நாலு வரி எழுது. கவரை ஒட்டுவதற்கு முன் இதை உன் அப்பா கையில் கொடுக்கப்போகிறேன். மறுப்பதாக இருந்தால் எழுதிவிடட்டும், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ரய்னா

படித்தேன்.
உன் அப்பா,
ஸ்தாமென்