காலுக்கடியில் டக் டக்

ஜூன் 10, செவ்வாய்

காரை வலப்பக்கம் திருப்பினால் முன்னாலிருந்து 'டக் டக் டக்'. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "முன்சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஆக்ஸில் தேய்ஞ்சிருக்கும் சார், கொண்டாந்து விடுங்க" என்றார். கூலியையும் சொன்னார். எனக்கு மயக்கம் வராத குறை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவள் அவரோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

நானே மாற்றிவிடுவது என்று முடிவு.

"ஏங்க, திங்கக்கிழமை எனக்கு முதல் நாள். அந்த விடியக்காலைல பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் வராது."

"நான் இருக்கேன்ல?"

அவள் காலண்டரில் திங்கட்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, இத்தனை வருஷம் கழித்து ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். கார் இனி அவளுக்குத்தான்.

ஜூன் 11, புதன்

"இடது பக்கம்ங்க. என் காலுக்கடியிலதான் கேக்குது" என்கிறாள். சிரித்துவிட்டேன். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் வலது சக்கரம்தானே? பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!

நானோ வண்டிக் காப்பீட்டு ஆபீசில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிறவன். யார் சொல்வதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். "நாய் குறுக்க வந்துச்சு சார்" என்றால், "எந்த நாய்?" என்று கேட்கிற ஆள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கி வழிகிற சாட்சியையா நம்புவேன்? வலது ஆக்ஸில் வாங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது.

ஜூன் 14, சனி

உடம்பில் வலிக்காத இடம் மூக்கு மட்டும்தான்.

முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடு நட்டைத் திருகப் போனேன். நட்டோடு எல்லாமே சேர்ந்து சுற்றியது. புத்திசாலி! மறுபடி சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, மனைவியை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

"அழுத்து!"

"அழுத்திட்டுதான் இருக்கேன். நீங்க திருப்புங்க!"

ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறிக் குதித்தேன். நட்டு கழன்றது, நானும் மல்லாந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "கீழ இருக்கிறது வண்டியா, நீங்களா?" என்று கேட்டார். வேறு வேலையே கிடையாதா அந்த மனுஷனுக்கு?

ஆக்ஸிலை இழுத்ததும் கியர் ஆயில் மொத்தமும் என் நெஞ்சில். அதை முதலில் வடிக்க வேண்டுமாம். பிறகுதான் தெரிந்தது. போகட்டும், சட்டை பழசு. கழற்றிய ஆக்ஸிலைக் கையில் சுழற்றிப் பார்த்தேன். ரப்பர் உறைகூடக் கிழியாமல், வெண்ணெய் போலச் சுற்றியது. தேய்ந்த பிறகும் என்ன தரம் பார், அந்தக் காலத்துப் பொருள் என்று மெச்சிக்கொண்டேன்.

புதுசை மாட்டி, ஆயில் ஊற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. நாளை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? கூலி ஒரு சாக்கு. அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுவாள். இனி என்னிடம் "கொண்டு போய் விடுங்க" என்று கேட்கவும் மாட்டாள். அந்தக் காராவது என் கையால் ஓடட்டும் என்று ஓர் ஆசை.

ஜூன் 15, ஞாயிறு

முதல் வலது திருப்பம். டக் டக் டக்.

அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்! நல்லா இருந்ததைக் கழட்டி எறிஞ்சிட்டு, கெட்டதைப் பத்திரமா உள்ளயே வச்சிருக்கேனே! விடிஞ்சா அவளுக்கு வேலை. யூனிபார்மை இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டி வச்சிருக்கா. அந்தப் பக்கம் பார்க்கவே முடியல.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று இழுத்தேன்.

"வர்றேன் சார். இடது பக்க ஆக்ஸில் கடையிலயே இருக்கு."

"இடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் அன்னைக்கே போன்ல சொன்னாங்களே, காலுக்கடியில கேக்குதுன்னு. வலப்பக்கம் திருப்பினா பாரமெல்லாம் இடது சக்கரத்து மேலதானே சார் விழும்? நீங்க எப்படியும் வருவீங்கன்னு எடுத்து வச்சேன்."

போனில் கேட்டவர் நம்பியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நம்பவில்லை.

"என்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் அவளிடம்.

"சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். கன்னத்தில் அறைந்திருந்தால் வலி இவ்வளவு நேரம் இருந்திருக்காது.

மெக்கானிக் வந்தார். இந்த முறை பிரேக்கை மிதித்தவன் நான். நான் மாட்டிய வலது பக்கத்தையும் குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தமாத்தான் மாட்டியிருக்கீங்க சார். தேவைதான் இல்ல" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 16, திங்கள்

பொழுது புலரும் முன்பே கிளம்பினோம். அவள் ஓட்டினாள். வழித்துணைக்கு என்று நானாக ஏறிக்கொண்டேன், திரும்பும்போது பஸ் இருக்கும். இடது சீட்டில் உட்கார்வது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

"உங்க காலுக்கடியில கேக்குதா?"

உற்றுக் கேட்டேன். "இல்ல."

"சரி" என்று திருப்பினாள். மறுபடி ஒரு தடவை கேட்கவில்லை. நான் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

பிரேக் போட்டால் லேசாக ஒரு கீச் சத்தம். பின்னால், வலது பக்கம் என்கிறாள். பின்னால், வலது பக்கம்தான்.