எந்தச் சித்தி?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவனுக்கு வேறு எப்படிச் சொல்வது? பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

என் மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். கல்லூரி மாடிப்படியில் மயங்கி விழுந்தது சாப்பிடாமல் போனதால் இல்லையாம். இதயத்தின் சதை தடித்திருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்றார் டாக்டர். என்னையும் சோதித்தார்கள், எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அவள் நெஞ்சில் கருவி வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மாத்திரையோடு பார்க்கலாம், விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதைத்தான் உன்னிடம் கேட்டேன். "அப்பா புகை பிடிச்சே போனாரு. பரம்பரை கிரம்பரைன்னு எதையாவது கிளறிக்கிட்டு இருக்காத" என்று போனை வைத்துவிட்டாய்.

கிளறினேன். வேறென்ன செய்வேன்? தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளை மெஷின்மேல் அப்படியே போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். பழைய பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது என்றார்கள். காப்பகத்திலோ, வருடமும் வார்டும் தெரியாமல் எதையும் எடுக்க முடியாது என்றார்கள். நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் மரண அறிவிப்புகளைப் புரட்டித் தும்மினேன். மயான அலுவலகத்தில் கெஞ்சினேன். தாத்தா எழுபதைத் தாண்டியவர், பெரியப்பா எண்பது. நம் குடும்பம் கெட்டிதான் என்று எனக்கே நிம்மதியாகிவிட்டது.

காப்பகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுவார். சொந்தம் என்று தெரிந்தவர்களை மட்டும் தேடினால் போதாது, உங்கள் அப்பா இறந்தபோது வந்து அழுதவர்கள் எல்லோரையும் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். பின் தெருச் சித்தி என்றதும் நிறுத்தி, "எந்தச் சித்தி? அம்மா கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். அம்மா ஒரே பெண். "அப்ப சித்தப்பா சம்சாரமா?" அப்பாவுக்குத் தம்பியே கிடையாது. அம்மா அப்படிக் கூப்பிடச் சொன்னாள், அக்கம்பக்கத்து முறைதான் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சித்தின்னா இன்னொரு அர்த்தமும் உண்டேம்மா" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாவை அத்தை என்றோம், மாடி வீட்டுக்காரியை ஆன்ட்டி என்றோம். இவளை மட்டும் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா ஏன் அதட்டினாள் என்று நாம் யோசித்ததே இல்லை. பின் தெரு வார்டின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தோம். சித்தியின் இரண்டு பையன்களுக்கும் தகப்பன் நம் அப்பாதான். நைட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று அவர் கிளம்பிப் போனது எங்கே என்று இப்போது புரிகிறது.

சித்தி இப்போது ரயில் பாதை ஓரமாக ஒற்றை அறையில் இருக்கிறாள். விலாசம் விசாரித்துச் சண்டை போடத்தான் போனேன். "உங்கம்மா உங்கள ஏமாத்தலையே, சரியாத்தான கூப்பிட வெச்சா" என்றாள். அம்மாவும் அவளும் பேசி வைத்துக்கொண்டதாம். அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரத்தைக் கொட்ட ஆள் இல்லை. பையன்கள் எங்கே என்று கேட்டேன். சுவரில் இரண்டு படங்களைக் காட்டினாள்.

பெரியவன் பட்டறையில் லேத் முன்னால் நின்றவாக்கில் சரிந்துவிட்டான். சின்னவன் பந்து விளையாடிவிட்டு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறான், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் முப்பதைக்கூடத் தாண்டவில்லை. சின்னவன் முன்பே தலை சுற்றுகிறது என்றானாம். வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சிரிக்கிற படத்தில் அவன் அச்சாக நீதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டரிடம் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை. திங்கட்கிழமை மகளுக்குக் கருவி வைக்கிறார்கள். உங்கள் கூடப் பிறந்தவர்கள் யார் என்று உடனே கேட்டார்.

உன் மனைவி என்னிடம் சொல்லிவிட்டாள். அவள்மேல் பாயாதே. போன மாதம் நீ ஓட்டிவந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாமே. நீயும் வெயில் என்றுதான் சொன்னாயாம். சோதித்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம், எனக்குத் தெரியாதா? உன்னை நம்பித்தானே அத்தனை பேரும் பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். வேலை போனால் போகட்டும். இங்கே வந்து சீருடைக்குப் பட்டன் தை. கோணலாகத்தான் தைப்பாய், பரவாயில்லை, பிள்ளைகள் எப்படியும் பிய்த்துவிடுவார்கள்.

இதைப் படித்த பிறகு வண்டியைத் தொடாதே. இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. அம்மா இருந்தால் சொல்வதை நான் சொல்கிறேன், நீ நூறு வயது இருக்க வேண்டும். எனக்கு மூன்று தம்பிகள் என்று இப்போதுதான் தெரிந்தது. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தானடா.

இப்படிக்கு,
உன் அக்கா