பித்தளைக் கூம்பு

லாஸ் ஏஞ்சல்ஸ்
மார்ச் 1942

என் அன்பே,

உன் கித்தாருக்குள் அதிர்ந்து ஓசையைப் பெருக்குவது இப்போது அலுமினியக் கூம்பு இல்லை.

நசுங்கியதை மாற்றச் சொல்லி நீ எங்கள் பட்டறையில் கொடுத்தபோது ஒரு தகடுகூட மிச்சமில்லை. எல்லாம் போர் விமானங்களுக்குப் போய்விட்டது. நீயோ வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு ரயிலேற வேண்டும். கடைசல்காரர் ஒந்த்ரேயிடம் கெஞ்சி, பித்தளையில் ஒன்று செய்து வாங்கினேன்.

"இது கனம், சரியா அதிராது. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். உன் புருஷன் ஒரு தந்தியத் தொட்டதுமே என் மூஞ்சியில வீசப்போறான் பாரு" என்றார்.

மேலே மூடித்தட்டு இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உன் காது விடாது. திட்டியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

நீ வாசித்தாய். அந்தக் கணீர் ஓசை வரவில்லை. சளி கட்டிய தொண்டைபோல் மந்தமாக ஒலித்தது. ஒந்த்ரே தலையைக் குனிந்துகொண்டார். நீ மட்டும் சிரித்தபடி, "பழைய சத்தம் அப்படியே இருக்குடி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய்.

தகடு ஒரு மயிரிழை தடித்தாலும் கண்டுபிடிப்பவன் நீ. 

பித்தளைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். இதற்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுது. உன்னை வழியனுப்ப வந்த அன்று ரயில் நிலையத்தில் வேறு யாருமே இல்லை, ரயிலும் அப்போது வந்திருக்கவில்லை. உன் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை.

எத்தனை நாளாக இப்படி?

உன் மனைவி