வெள்ளைக் குறி போட்ட சாமான்

ஜனவரி 9

என் வீட்டுக்காரிக்கு,

சாப்பாட்டு மேஜையை நேற்று விற்றுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரியில் சொன்னால் ஒளித்து வைத்தேன் என்பாய். பல் டாக்டர் ஒருவர் நாற்காலி பார்க்க வந்தார். பிள்ளைகள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர் பெரியவனின் தட்டை நகர்த்திவிட்டுப் பலகையைத் தடவினார். தடவிய விதத்திலேயே ஆசைப்பட்டுவிட்டார் என்று தெரிந்தது. "இது விக்கிறதுக்கு இல்ல சார், வீட்டு உபயோகம்" என்றேன். அதோடு விலை ஏறிவிட்டது. வாண்டு வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே, "இல்ல அங்கிள், எல்லாம் விக்கிறதுதான்" என்று என் பிழைப்பில் மண்ணைப் போட்டாள். அப்படியும் நல்ல விலைக்குத்தான் போனது. இப்போது தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். துடைக்க எளிது.

இன்னொரு செய்தி. இடிக்கப்போகிற ஒரு லாட்ஜில் அலமாரி கிடைத்தது. மாடிப்படிக்கு அடியில் போட்டு, உள்ளே விளக்குமாறும் பினாயில் டப்பாவும் வைத்திருந்தார்கள். கண்ணைக் குத்துகிற நீலப் பெயிண்ட். மேனேஜர் விறகு விலைதான் சொன்னார். நான் மேல்தட்டின் அடிப்பக்கத்தைக் காசால் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் அடிப்பவர்கள் தட்டுக்கு அடியில் அடிக்க மாட்டார்கள். தேக்கு, அதுவும் ஒட்டுப் போடாத முழுப் பலகை. முகத்தைச் சுளித்து, "பூச்சி அரிச்சிருக்கு சார், தூக்கவே நாலு ஆள் வேணும்" என்று சொல்லி, விறகு விலையிலும் குறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பூச்சி அரித்தது உண்மைதான். பின்பலகையில் ஒரு சாண்.

பெரியவன் உப்புத்தாள் போடப் பழகிவிட்டான். மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்கிறான். ஆறு வயதில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வாண்டுவுக்குத் தேய்ந்துபோன தாளும் உடைந்த நாற்காலிக் காலும் கொடுத்திருக்கிறேன். விற்ற சாமானில் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன் அல்லவா, வண்டிக்காரர் வந்து குறி போட்டதை மட்டும் ஏற்றிப் போவாரே, அந்தக் குறியை இப்போது அவள்தான் போடுவாளாம். வேறு யாராவது போட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள்.

உன் ஒப்பந்தம் முடிய எண்பத்தொரு நாள். நான் எண்ணவில்லை. பெரியவனுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தபோது வந்தது.

உன்
கடைக்காரன்

*

ஜனவரி 25

அன்புள்ள கடைக்கார ஐயாவுக்கு,

மேஜை போன செய்தி வந்தது. கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்ததும் நான் என்ன செய்வேன் தெரியுமா? படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நம் வாசலிலிருந்து உள்ளே நடந்து வருவேன். செருப்பைக் கழற்றுவேன். பாலிஷ் வாடைக்கு ஜன்னலைத் திறப்பேன். மேஜையின் மூலை இடுப்பில் இடிக்காமல் வளைந்து போய் அடுப்பைப் பற்ற வைப்பேன். இப்போது மேஜை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறேன். வளைவதா, நேராகப் போவதா? போன வருஷம் நீங்கள் கட்டிலை விற்றபோதும் இப்படித்தான், இரண்டு பேரையும் எங்கே படுக்கப் போடுவது என்று இரண்டு நாள் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு அறையிலும் என்ன எங்கே இருக்கிறது என்று ஒழுங்காக எழுதுங்கள். அடுத்த தடவை விற்றால் விற்ற அன்றே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனை வாண்டு எடுத்தாள். "அப்பா வேலையா இருக்காங்க. உங்களுக்கு என்ன சாமான் வேணும்?" என்றாள். "வாண்டு, நான் அம்மாடி" என்றேன். அதற்கு, "கட்டில் இருக்கு. அலமாரி இன்னும் ரெடி ஆகல" என்றாள். போன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தலைமை நர்ஸ் கேட்கிறார். சம்பளம் கூடும். மார்ச் இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைக்குத் தனி இடம் வாங்கிவிட்டால் வீடு வீடாக இருக்கும் என்றுதான் நான் கிளம்பி வந்தேன். இதுவரை சேர்த்தது பாதி இடத்துக்குத்தான் வரும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? போனில் கேட்டால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

இப்படிக்கு
உங்கள் நர்ஸம்மா

*

பிப்ரவரி 7

என் வீட்டுக்காரிக்கு,

நீ கேட்ட விவரம். வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் கை வைத்த நாற்காலி இரண்டு, ஒன்றில் உட்காராதே, பசை காய்கிறது. கூடத்தின் நடுவில் ஒன்றும் இல்லை, நேராக நடக்கலாம். பிள்ளைகள் படுப்பது ஜன்னல் ஓரம், நீ பார்த்திராத இரும்புக் கட்டிலில். வாண்டு சுவர்ப் பக்கம். சமையலறையில் எதையும் மாற்றவில்லை, அங்கே விற்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் அலமாரி நிற்கிறது.

அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் பால் வெள்ளை. பெயிண்ட் ரிமூவர் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது என்று, பெரியவன் பள்ளிக்கூடம் போன பிறகு வாண்டுவைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் அதைத் தொடுகிறேன். பத்து நாள் சுரண்டினேன். நேற்று ஈரத்துணியால் துடைத்தபோது ரேகை முழுக்கத் தெரிந்தது. பெரியவன் பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான். "அப்பா, இத அம்மா துணி வைக்க வச்சிக்கலாமா?" என்றான். "பாக்கலாம்டா" என்றேன். இனி அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிசாக ஒன்பது கோட் கொடுக்க வேண்டும். ஒன்று காயாமல் அடுத்தது போட்டால் எல்லாம் பாழ்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நன்றாக யோசித்தேன். பாதி இடத்தை யாரும் விற்க மாட்டார்கள். இரண்டு வருஷத்தில் முழுசாக முடியும். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், ஒரு குறையும் இல்லை. தையல்காரம்மா ஒத்தாசையாக இருக்கிறார். ஆகவே கையெழுத்துப் போடு. சம்பளத்தை மட்டும் அவர்கள் சொன்னதோடு விட்டுவிடாதே, கொஞ்சம் இழுத்துப் பார்.

உன்
கடைக்காரன்

*

பிப்ரவரி 20

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். எங்கேயாவது ஓர் ஓரத்தில் "வா" என்று எழுதியிருப்பீர்களோ என்று தேடினேன். அலமாரிக்கு ஒரு பக்கம், எனக்கு ஆறு வரி.

நீங்கள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. மார்ச் இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பெரியவனுக்குக் காலணி அளவு அனுப்புங்கள், வளர்ந்திருப்பான். வாண்டுவின் அளவும். எனக்கு அவள் கால் ஒன்றரை வயதுக் கால்தான் தெரியும்.

உங்கள் மனைவி

*

மார்ச் 8

என் கண்ணுக்கு,

வாண்டு நேற்றுக் காணாமல் போய்விட்டாள். கிடைத்துவிட்டாள், ஒரு கீறல் இல்லை. என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். இதை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே படி.

அலமாரி வெள்ளிக்கிழமை விலை போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், இந்த ஊருக்குப் புதிது. சனிக்கிழமை காலை வாண்டு பெருக்கல் குறி போட்டாள். பதினொரு மணிக்கு வண்டிக்காரர் ஆளோடு வந்து ஏற்றிப் போனார். நான் கை முழுக்க அரக்கோடு பின்னால் இருந்தேன். குழந்தை தையல்காரம்மாவிடம் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், என்னிடம் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் தேடினோம். கட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால், தெருமுனைக் கடையில். தண்ணீர்த் தொட்டியைக்கூட எட்டிப் பார்த்தேன். அப்போது பெரியவன் சொன்னான்: "அப்பா, அவ வித்துப் போயிட்டேன்னு சொன்னா. நான் வெளாட்டுன்னு நெனச்சேன்."

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ஆசிரியை வீட்டு முற்றத்தில் அலமாரி நின்றது. வண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, காலி அலமாரி இவ்ளோ கனமான்னு அப்பவே நெனச்சேண்ணே, தேக்குன்னா அப்படித்தான்னு தூக்கிட்டேன்" என்றார். கனம் குறைய அடி இழுப்பறைகள் இரண்டையும் கழற்றித் தனியாக அனுப்புவது என் வழக்கம். அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்திருக்கிறது. கழற்றாமல் விட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை மட்டும் இன்றைக்கு நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அவள் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கவுனில், வயிற்றுக்கு மேல், வெள்ளையாகப் பெருக்கல் குறி.

"ஏண்டா கண்ணு உள்ள போய் உக்காந்த?"

"நான் வித்துப் போயிட்டேன்பா. குறி போட்டேன்ல, பாக்கலயா?"

"யாருக்கு வித்த?"

"அம்மாவ வாங்கிட்டுப் போனாங்கள்ல, அவங்களுக்கு." ஆசிரியையைக் காட்டி, "ஆனா இவங்க இல்லையாம்" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா, அம்மாவ எவ்ளோக்குக் குடுத்தீங்க?"

எவன் விலை கேட்டாலும் கண் இமைக்காமல் சொல்கிறவன் நான். அவள் கவுனில் இருந்த குறியைக் கையால் துடைக்க ஆரம்பித்தேன். ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் நினைத்ததில் என்ன தப்பு? இந்த வீட்டில் சாமான் இருக்கும், தூங்கி எழுந்தால் இருக்காது, பணம் இருக்கும். நீயும் அப்படித்தான் போனாய். அழுவாள், தூங்கும்போதே கிளம்பிவிடு என்று சொன்னது நான்தான். அதன் பிறகு மாதா மாதம் உன் பணம் வருகிறது. தபால்காரர் வந்தால் அவள்தான் ஓடிப் போய் வாங்கி வருகிறாள்.

நமக்கு வேண்டும் என்பதை எதிராளிக்குக் காட்டிவிட்டால் பேரம் போச்சு என்று பழகிய மனுஷன் நான். உன்னிடமும் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை என்றது பொய். பெரியவன் கேட்டும் அலமாரியை நிறுத்தி வைக்காமல் விற்றேன். அதைத் திறக்கும்போதெல்லாம் உன் புடவை எந்தத் தட்டில் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன், அது எனக்குத் தாங்கவில்லை. கூடத்தில் நடக்கும்போது நானும் மேஜை இருந்த இடத்தில் வளைந்துதான் போகிறேன்.

கையெழுத்துப் போடாதே. வா. இடம் கிடக்கட்டும்.

உன்
கடைக்காரன்

*

மார்ச் 19

என்னங்க,

உங்கள் கடிதத்தை வார்டு ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு படித்தேன். ஒவ்வொரு பத்திக்கும் நடுவே, கிடைத்துவிட்டாள் என்ற வரிக்குப் போய்த் திரும்பி வந்தேன். உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. அது இருக்கிறது, நேரில் வந்து தருகிறேன். தூங்கும்போது கிளம்பச் சொன்னது நீங்கள் என்றாலும், சரி என்று கிளம்பியது நான்.

இன்று தலைமை நர்ஸிடம் போனேன். இரண்டு வருஷம் முடியாது என்றேன். காரணம் கேட்டார், குழந்தைகள் என்றேன். பிறகு நீங்கள் செய்வது போலவே வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு கஷ்டம் அது. அவரே பேசினார், ஒரு வருஷம் என்றார். நான் பேசவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

ஆனால் ஒன்று. பதினெட்டுப் படுக்கை உள்ள வார்டை இன்று நான்தான் நடத்துகிறேன். வந்த புதிதில் ஊசி போடக்கூட என்னை நம்பாதவர்கள், இப்போது தையல் பிரிக்க நான் வரும்வரை காத்திருக்கிறார்கள். என் இடத்துக்கு வரப்போகும் பெண்ணுக்கு இன்னும் கை நடுங்குகிறது. அவளை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கும் மனசு இல்லை. இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள், காயாத கோட்டின் மேல் அடுத்ததைப் போட மாட்டீர்களே.

அதனால் இப்படி முடித்திருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி கிளம்புகிறேன், நாற்பது நாள் லீவு, போக வர டிக்கெட் அவர்களுடையது. திரும்பி வந்து ஆறு மாதம், அந்தப் பெண்ணைப் பழக்கிக் கொடுக்கும் வரை. அதோடு சரி. கடைக்குத் தனி இடம் இப்போதைக்கு வராது. கடையும் வீடும் ஒன்றாகவே கிடக்கட்டும்.

என் பக்கத்து நிபந்தனை ஒன்றுதான். திரும்ப நான் கிளம்பும்போது வாண்டு விழித்திருக்க வேண்டும். அழட்டும். காலைப் பிடித்துக்கொள்ளட்டும். நான் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உங்களுக்கு இது சம்மதமா என்று எழுதுங்கள். நாளை கையெழுத்து. உங்கள் பதில் அதற்குள் வராது, தெரியும். ஆனாலும் எழுதுங்கள்.

உங்கள்
நர்ஸம்மா

*

மார்ச் 26

என் கண்ணுக்கு,

ஆறு மாதத்தை நாலாக்க முடியுமா என்று கேட்கப் பேனாவை எடுத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் கை நடுக்கத்தை நினைத்துக்கொண்டேன், வைத்துவிட்டேன். சொன்ன விலைக்கு அப்படியே சரி என்பது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லிவிடாதே.

பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். பெரியவன் காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். வாண்டுதான் வியாபாரத்தில் இறங்கினாள்.

"அம்மா வந்தா மறுபடியும் குடுத்துடுவீங்களா?"

"இல்லடா. விக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு வாடகைக்குத்தான் போயிருக்காங்க. இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கு."

"வாடகைன்னா?"

"திரும்பி வந்துடும்."

"யாரு தூக்கிட்டு வருவா? வண்டிக்காரரா?"

"நாம மூணு பேரும் போய்க் கூட்டிட்டு வருவோம்."

நம்பினாளா என்று தெரியவில்லை. என்னைப் போலவே முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உன்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று எதிர்பார்க்காதே. கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், என்ன சாமான் வேண்டும் என்றுகூடக் கேட்பாள். நீ பொறுத்துக்கொள். காலணி அளவு இத்தோடு வைத்திருக்கிறேன், காகிதத்தில் காலை வைத்து வரைந்தது. இரண்டு பேருடையதும்.

நீ கேட்ட சம்மதம் இது. ஏப்ரல் மூன்றாம் தேதி முதல் நாற்பது நாள் வீட்டில். பிறகு ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. கிளம்புவது பகல் வண்டியில், இரண்டு பேரும் விழித்திருக்கும்போது, நீயே அவர்களிடம் சொல்லிவிட்டு.

உன்
கடைக்காரன்