படித்துறைக்கு எதிர்க்கரை

மார்ச் 24, திங்கள்

பஞ்சுருட்டான் ஜோடி இன்றும் முல்லையாற்று மண்கரையில் பொந்து தோண்டிக்கொண்டிருந்தது. அலகால் கொத்துகிறது, காலால் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. சிட்டுக்குருவி அளவுதான் உடம்பு. எதிர்க்கரைத் தென்னந்தோப்பிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் இறகுப் பச்சையில் பொன் மின்னுவதுகூடத் தெரிகிறது.

பிரஷருக்கு நடக்கச் சொன்னார் தேனி டாக்டர். நடை எப்போதோ நின்று, உட்காருவதுதான் மிச்சம். ஆனாலும் பிரஷர் குறைந்திருக்கிறது! உரக்கடையில் நாள் முழுக்கப் பேச்சு. திராட்சை வெடிக்குது, வாழை இலை கருகுது, நீ குடுத்த மருந்து கேக்கல. இந்தப் பறவைக்கு நான் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் ஆண்டனி ராஜ் மறித்தான். "மரியராஜ்ணே, பொம்பளைங்க குளிக்கிற படித்துறைக்கு எதிர்ல ஒக்காந்து பைனாகுலர்ல என்ன பாக்குறீக?"

பொந்து படித்துறையை ஒட்டி இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"ஒன் பொண்டாட்டியப் பாக்க எனக்கென்னப்பா தலையெழுத்து? குருவி அதவிட அழகாத்தான் இருக்கு."

அவன் மனைவி ரோசம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 7

ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். பெரிய வெள்ளிக்குச் சிலுவைப் பாடுகளின் வாசகத்தை இந்த வருடம் வேறொருவர் வாசிக்கட்டுமாம். "நான் ஒங்களச் சந்தேகப்படல. ஜனங்க பேசுறாக" என்றார். சந்தேகம் இல்லையென்றால் எதுக்கு எடுக்கணும்? கல்யாணமான வருடத்திலிருந்து நான்தான் வாசிக்கிறேன்.

ஏப்ரல் 9

சகாயராணி சோற்றைப் போட்டதும் அடுப்படிக்குள் போய்விடுகிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று நானே கேட்டேன். "நான் என்னத்த நெனைக்கிறது" என்றாள். ஊர் பேசட்டும், போகட்டும். கட்டினவளுமா? நம்புறேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிரும்?

ஆற்றுக்குப் போகவில்லை. போனால் குற்றவாளி. போகாவிட்டாலும் குற்றவாளிதான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கடைசி வரிசையில் நின்றேன். குருத்தோலை கொடுத்த அம்மாள் என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

ஏப்ரல் 15

விடிந்து பார்த்தால் சகாயராணியைக் காணோம். ஆணியில் பைனாகுலரும் இல்லை. வெயில் ஏறின பிறகு வந்தாள், சேலை ஓரமெல்லாம் மண்.

"நீங்க ஒக்கார்ற எடத்துல ஒக்காந்து பாத்தேன். பொந்து தெரியுது. குருவி போறதும் வாறதும் தெரியுது."

அப்பாடா என்று எழுந்தேன்.

"இருங்க. குளிக்கிறவுகளும் தெரியிறாக. ரோசம்மா கழுத்து மச்சங்கூடத் தெரியுது. நீங்க அவுகளப் பாத்திருக்க மாட்டீக, அது எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள நிக்கிறவளுக்கு எப்பிடிங்க தெரியும்?"

நம்புகிறாள். இதைத்தானே கேட்டேன்? கிடைத்தும் நெஞ்சு ஆறவில்லை. பறவை மிரளக் கூடாதென்று இத்தனை நாளும் தென்னைக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கிறேன் — மறைந்து! குருவி மிரளுமே என்று யோசித்தவன், எதிரில் குளிக்கிறவர்கள் மிரளுவார்களே என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வாசகத்தைக் கீழே நின்று கேட்டேன். வாசித்தவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். சந்தோசப்படத் தோன்றவில்லை.

வழிபாடு முடிந்து எல்லாரும் வாசலில் இருக்கும்போதே ரோசம்மாளிடம் போனேன். "கோவத்துல சொன்னது தப்பும்மா. அங்கன ஒளிஞ்சு ஒக்காந்ததும் தப்பு. இனிமே வர மாட்டேன்." அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ஆண்டனி ராஜ் முறைத்தான். முறைக்கட்டும்.

மே 2

இந்நேரம் குஞ்சு பொரித்திருக்குமா? மொட்டை மாடியில் மைனாவும் காக்கையும்தான். அவையும் பறவைதான், இல்லையென்று சொல்லவில்லை. மனசு ஒட்ட மாட்டேன் என்கிறது.

மே 14, புதன்

கடையில் கூட்டம். ரோசம்மாள் வந்து, படியேறாமல் கீழேயே நின்றாள். கல்லாவை விட்டு எழுந்து போனேன்.

"அண்ணே, அந்தக் குருவிக்கு நாலு குஞ்சு. இன்னைக்குக் காலைல வெளிய வந்து கரண்டுக் கம்பில வரிசையா ஒக்காந்திருச்சு. படித்துறையில இருந்த அத்தன பேரும் பாத்தோம்."

நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம். "வால்ல ஊசி மாதிரி நீட்டு எறகு இருந்துச்சா? குஞ்சுக்கு இருக்காதும்பாக" என்று கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் யாருண்ணே பாத்தா? துணி தொவைக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சின்னப் பஞ்சுருட்டான். குஞ்சுகள் நான்கு. பார்த்தவர்: ரோசம்மாள்.